எதிர்க்கட்சி எம்.பி. கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது?

கல்விச் செலவு, விலைவாசி பற்றி எதிர்க்கட்சி எம்.பி. மக்களவையில் கேட்பதால் பாம்பன்காரருக்கு என்ன பயன் என்கிறீர்கள். பணம் உடனே வராது, சரி. ஆனால் அமைச்சர் சொல்லும் பதில் பதிவில் நிற்கும்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளுக்கு 20தான். வாய்மொழிப் பதில், துணைக் கேள்வியும் போடலாம். குறியில்லாதவை 230 வரை. எழுத்துப் பதிலோடு சரி.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் கிடக்கும். அதே ஜூனில்தான் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் வந்து நிற்கும். 'விலைவாசி ஏறுகிறதா?' என்றால் வழவழ பதில்தான். 'ராமநாதபுரம் மாவட்டத்தில் மத்திய உதவித்தொகை எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த மாதம் போனது?' என்று கேட்டால் நழுவுவது கஷ்டம். பள்ளிக் கட்டணத்தை மட்டும் அங்கே கேட்க வேண்டாம்; மாநிலத்தின் வேலை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.