ஆறு நிமிடக் கணக்கு

அன்புள்ள அண்ணா,

மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணக்குவைக்க, ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டில் ஒரு கருவி செய்தேன். நேரத்தை ஈஈப்ராமில், அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் சேமிக்கும். ஒரே வாரத்தில் கன்னாபின்னாவென்று எண் காட்டியது. போர்டு செத்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன். அப்பா திட்டுகிறார். எனக்கு நேரம் சரியில்லை போல. முறையாக ஒரு கோர்ஸ் முடித்துவிட்டுத்தான் இதையெல்லாம் தொட வேண்டுமா?

அன்புள்ள தம்பி,

கோர்ஸ் உன் இஷ்டம். அப்பா திட்டாமல் வேறு யார் திட்டுவார்? "நேரம் சரியில்லை" என்று எழுதினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ அனுப்பிய புரோகிராமைப் பார்த்தேன். மோட்டார் ஓடும்வரை, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மில்லிசெகண்டை ஒரே இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறாய். உன் போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டை, கம்பெனி தரும் விவரக் குறிப்பைத் திறந்தாயா? ஈஈப்ராம் 1,00,000 முறை எழுதத் தாங்கும் என்று போட்டிருக்கிறது. ஒருமுறை எழுத ஏறக்குறைய 3.3 மில்லிசெகண்ட். பெருக்கு. 330 விநாடி. மோட்டார் ஆறு நிமிடம் ஓடினாலே கம்பெனி சொன்ன கணக்கு தீர்ந்தது. ஒரு வாரம் தாங்கியது அந்தச் சிப்பின் பெருந்தன்மை. இதில் உன் ஜாதகம் எங்கே வந்தது?

சரி, நானும் யோக்கியன் இல்லை. 1999இல் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. லினக்ஸில் திரை இன்னும் நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், 14 அங்குல மானிட்டரின் அலைவெண் எல்லையைக் கான்ஃபிக் ஃபைலில் மனம்போனபடி கூட்டிப் போட்டேன். தப்பான எண் மானிட்டரைக் கெடுக்கும் என்று எச்சரிக்கை இருந்தது; யார் படித்தார்கள்? காதுக்குள் கொசு புகுந்ததுபோல ஒரு கீச்சொலி. படம் இடுங்கி ஒரு வெள்ளைக் கோடானது. அப்புறம் பொசுங்கிய நாற்றம். உரிமையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜை ஆடாமலிருக்கக் காலுக்கடியில் மடித்துச் சொருகியிருந்த புத்தகத்தை உருவி என்னிடம் நீட்டினார். அந்த மானிட்டரின் கையேடு. கடைசிப் பக்கத்தில் எல்லை அச்சாகியிருந்தது. (சம்பளத்தில் பிடித்தது தனிக்கதை.)

பழைய ஆட்களும் பட்டிருக்கிறார்கள். 1977இல் வந்த கமடோர் பெட் என்ற கம்ப்யூட்டரில், 59458ஆம் நினைவக அட்ரஸில் 62 என்று போக் செய்தால், அதாவது நேரடியாக எழுதினால், எழுத்து திரையில் வேகமாக வரும். பிந்தைய மாடல்களில் திரையின் மின்சுற்றை மாற்றினார்கள். அதே வரியை அங்கே அடித்தால் திரைக்கே ஆபத்து.

ஆமாம், போர்டை எங்கே போட்டாய்? அதில் 1,024 பைட் ஈஈப்ராம் இருக்கிறது. நீ தேய்த்தது ஒன்றிரண்டைத்தான். எழுதும் அட்ரஸை மாற்று, மோட்டார் நிற்கும்போது மட்டும் எழுது. குப்பை வண்டி வருவதற்குள் ஓடு, மடையா.