தென்னையின் தலை எந்தப் பக்கம்?

அன்புள்ள அண்ணனுக்கு,
கஜா புயல் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் அப்பாயி எதைச் சொன்னாலும் '52 புயலுக்கு முன்னால இதெல்லாம் தூசு' என்கிறார். 1952, 55, 77 புயல்கள் எல்லாம் அவருக்குக் குழம்புகிறது. உண்மையில் எது பெரிய புயல்? கிழவிகள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?
(ஒரு வாசகர், முத்துப்பேட்டைப் பக்கம்)

அன்புள்ள தம்பி,

எது பெரிது என்பதை வானிலைத் துறை கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் எதற்கு? வருஷம் குழம்புவதும் ஒரு குற்றமா, எனக்கே என் கல்யாணத் தேதி சட்டென்று வராது. ஆனால் 'கிழவிகள் சொல்வதை' என்று எழுதினீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. இரண்டு நாளாக நானே எங்கள் அப்பாயியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் 16, கஜா வந்த ராத்திரி, நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். வடகாற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது, திடீரென்று சத்தமே இல்லை, ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்கிறது. விட்டுவிட்டது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பினேன். அப்பாயி கைலியைப் பிடித்து இழுத்து, "காத்து திரும்பும்டா, தெக்கேருந்து வரும், உக்காரு" என்றது. வந்தது. முதல் காற்றைத் தாங்கி நின்ற மரங்களையும் அது சாய்த்தது.

வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுற்றும். அது மேற்கே நகர்ந்து வந்து, அதன் நடுவில் இருக்கும் கண் நம் தலைக்கு மேலே கடந்தால் முன்பாதியில் வடகாற்று, நடுவில் அமைதி, பின்பாதியில் தென்காற்று. இதை நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடம் போகாத அப்பாயிக்கு இது 52இலேயே தெரியும். விடிந்ததும் தோப்பில் நடந்தபடி, "தலை தெக்க கிடக்கறது முதக் காத்துல விழுந்தது, வடக்க கிடக்கறது ரெண்டாவதுல" என்று ஒவ்வொரு தென்னையாகப் பிரித்துச் சொன்னது. கணக்கெடுக்க வந்தவர்களுக்கு எத்தனை மரம் என்றால் போதும், நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய், அதிலும் 500 வெட்டி அகற்றுகிற செலவுக்கு. நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு வருஷம். சரி விடுங்கள், அது வேறு பஞ்சாயத்து.

உங்கள் அப்பாயியிடம் வருஷத்தைக் கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள் ஐயா. காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து வந்தது, தண்ணீர் எந்தத் திண்ணை வரை ஏறியது, காற்று நின்றபோது யார் யார் வெளியே போனார்கள், இதையெல்லாம் கேளுங்கள்.

அன்று ராத்திரி என்னை உட்காரவைத்துவிட்டு எங்கள் அப்பாயி, "52லயும் இப்படித்தான் நின்னுச்சு, எங்கண்ணன் வெளியில போனான்" என்று ஆரம்பித்தது. நான் செல்போனில் டவர் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்கவே இல்லை.