பழைய எஸ்யூவி: ரீகால் பாக்கி இருந்தால் வாங்கலாமா?

கேள்வி: 2013-இல் தயாரான எஸ்யூவி ஒன்று விலைக்கு வருகிறது. அந்த மாடலுக்கு ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) என இரண்டு ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்ததாகக் கேள்வி. ஒதுக்கிவிடலாமா?

பதில்: ரீகால் வந்தது பெரிய குறையல்ல. வந்தும் வேலையை முடிக்காமல் ஓட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் குறிப்பிட்ட தேதிகளுக்குள் தயாரான வண்டிகளைத்தான் திரும்ப அழைப்பார்கள். எனவே மாடல் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் தெரியும் 17 இலக்க சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாக இருந்தால் அது பூஜ்யம். ரீகால் கடிதம் பதிவிலுள்ள முகவரிக்குத்தான் போகும். கை மாறிய வண்டிகளில் வேலை நின்றுபோவது இதனால்தான்.

ஏர்பேக் ரீகால் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டருக்கானது (ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகம்) என்றால், மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம். அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட், வெயிலிலும் ஈரக்காற்றிலும் பல வருடம் கிடந்து கெட்டுவிடும். விபத்தில் அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து உலோகக் கூட்டை வெடிக்கச் செய்யும். சில்லுகள் நேரே முகத்திலும் கழுத்திலும் பாயும்.

ஏபிஎஸ் விஷயமும் லேசானதல்ல. 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தன. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆனால், இன்ஜினை அணைத்து நிறுத்திய வண்டியிலும் தீப்பிடிக்கலாம். சரிசெய்யும்வரை கட்டடங்களை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார்கள். சர்வீஸில் ஃப்யூஸை மட்டும் மாற்றித் தந்தார்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை என்பதால் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: டீசல் வண்டி. டிப்ஸ்டிக்கில் (இன்ஜின் ஆயிலை அளந்து பார்க்கும் கம்பி) ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதே?

பதில்: டீசல் கலக்கிறது. டிபிஎஃப் ஃபில்டரில் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும்; எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் சேரும். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் ஓட்டாதீர்கள். ஆயில் நீர்த்துப் பேரிங் தேயும், டர்போவும் கெடும். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில், கையேடு சொல்லும், டிபிஎஃப் வண்டிகளுக்கான ரகமாகவே இருக்கட்டும். பிறகு வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அப்படியும் ஏறினால் டிபிஎஃப் பிரஷர் சென்சார், அதன் ரப்பர் குழாய்கள், ஒழுகும் இன்ஜெக்டர், இந்த வரிசையில் பாருங்கள். சென்சாரைச் சோதிக்காமல் டிபிஎஃப் ஃபில்டரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்கேனரில் எந்த ஃபால்ட் கோடும் (வண்டியின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு) இல்லை. நம்பலாமா?

பதில்: அதே ஸ்கேனரில் 'ரெடினஸ்' பக்கத்தை (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுவது) திறக்கச் சொல்லுங்கள். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் போன்ற பல சோதனைகள் 'முடியவில்லை' என்று நின்றால், கோடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் போட்டுக் காட்டினால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.