ஒலி-ஒளிக் கல்விச் சங்கங்கள்: கேட்டதும் சொன்னதும்

வணக்கம். பி.எட். வகுப்புகளுக்குக் கல்வித் தொழில்நுட்பம் நடத்தியவள் என்பதால் இந்தக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவின் ஏ.இ.சி.டி. சங்கத்தை, அதாவது கல்வித் தொடர்பு, தொழில்நுட்பச் சங்கத்தைப் பற்றியவை. அதனால் பதில்களும் அங்கேயே அதிகம் சுற்றும்.

பி.எட். மாணவி: மேடம், ஏ.இ.சி.டி. எப்படித் தொடங்கியது? எங்கள் புத்தகத்தில் "1923" என்று ஒரு வரிதான் இருக்கிறது.

1923 சரிதான், ஆனால் அன்று அதற்கு அந்தப் பெயர் இல்லை. அமெரிக்க ஆசிரியர்களின் பெரிய அமைப்பான தேசியக் கல்விச் சங்கம், தனக்குள் காட்சிவழிக் கற்பித்தலுக்கென ஒரு துறையைத் தொடங்கியது. ஊமைப்படம், கண்ணாடி ஸ்லைடு, ஆழம் தெரியும்படி காட்டும் ஸ்டீரியோஸ்கோப் படம், இவைதான் அன்றைய கருவிகள். பேசும்படம் வகுப்புக்கு வர இன்னும் காலம் இருந்தது.

வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரம் 1905லேயே பள்ளிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் வைத்து, ஸ்லைடுகளையும் மாதிரிப் பொருட்களையும் குதிரை வண்டியில் பள்ளி பள்ளியாக அனுப்பியது. ராச்செஸ்டர் நகரப் பள்ளிகள் 1910ல் பாடத்தோடு திரைப்படத்தையும் சேர்த்துக்கொண்டன. இப்படி ஊருக்கு ஒருவர் இந்தக் கருவிகளுக்குப் பொறுப்பாளர் ஆனார். எந்தப் படம் உருப்படியானது, யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும், பிலிம் அறுந்தால் யார் காசு கொடுப்பது என்றெல்லாம் பேசுவதற்கு அவருக்குத் தன் ஊரில் ஆள் கிடையாது. அடுத்த ஊரில் அதே வேலையைப் பார்ப்பவர்தான் வேண்டும். சங்கம் பிறந்தது இதனால்தான் என்பது என் எண்ணம். கொள்கை விளக்கமெல்லாம் அப்புறம் எழுதிச் சேர்த்தது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடாக் நிறுவனம் 16 மி.மீ. பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே 1923ல்தான். அன்றைய 35 மி.மீ. நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும். பள்ளிக்குள் அதை ஓட்டுவது பயத்தோடு செய்கிற காரியம். 16 மி.மீ. பிலிமோ எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட்டில் வந்தது. அதன் பிறகுதான் ஒரு சாதாரண வகுப்பறையில் புரொஜெக்டரைத் தைரியமாக வைக்க முடிந்தது.

ஒரே வேலைக்கு அப்போது மூன்று தேசிய அமைப்புகள் இருந்தன. 1932ல் அவை ஒன்றாகின. 1947ல் பெயரில் ஒலியும் சேர்ந்து, சுருக்கமாக "டாவி" ஆனது. 1970ல் இன்றைய பெயர் வந்தது.

தொழிற்சங்க ஊழியர்: தாய்ச் சங்கத்தை விட்டு ஏன் பிரிந்தார்கள்? சண்டையா?

பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. தேசியக் கல்விச் சங்கம் சம்பளம், ஒப்பந்தம் என்று பேரம் பேசும் தொழிற்சங்கமாக மாறிக்கொண்டிருந்தது. பாடவாரியாக, வேலைவாரியாக அதற்குள் இருந்த துறைகளுக்கு அங்கே இடம் சுருங்கியது. ஏ.இ.சி.டி. 1971ல் தனியாகப் போனது. உங்கள் அனுபவத்தில் இது புதிதாக இருக்காது.

வரலாற்று ஆசிரியர்: வெளிப்படையாகவே கேட்கிறேன். இந்தச் சங்கங்கள் புரொஜெக்டர் கம்பெனிகளின் முகமூடிதானே?

சந்தேகம் நியாயமானது. 1920களின் இறுதியில், படம் காட்டினால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா என்று 12 நகரங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. செலவு செய்தது கோடாக். முடிவு படங்களுக்குச் சாதகமாக வந்தது; கோடாக்கும் பள்ளிப் படங்கள் எடுக்க ஒரு நிறுவனம் தொடங்கியது. இதைப் படித்துவிட்டு யாருக்கும் புருவம் உயரத்தான் செய்யும்.

ஆனால் விற்பவர்கள் தங்களுக்கென்று 1939ல் வேறொரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அது பல பெயர் மாறி இன்ஃபோகாம் ஆகி, 2017 முதல் அவிக்ஸா என்ற பெயரில் இயங்குகிறது. இன்று அது கல்விச் சங்கமே இல்லை; ஒலி-ஒளித் தொழில் முழுவதற்குமான வணிக அமைப்பு. ஆசிரியர் சங்கமும் வியாபாரிகள் சங்கமும் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல இருந்தார்கள், அவ்வளவே.

கம்பெனிகளைவிடப் பெரிய தள்ளுவிசை அரசுப் பணம். 1957ல் சோவியத் நாடு ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்டதும் அமெரிக்கா அரண்டுபோய் 1958ல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. அறிவியல், கணிதம், வெளிநாட்டு மொழிகளுக்குக் கருவி வாங்க ஒரு பிரிவில் பணம். ஊடக ஆய்வுக்கு இன்னொரு பிரிவில் பணம். மொழி ஆய்வகங்கள் மளமளவென்று முளைத்தன. அவற்றில் எத்தனையோ பின்னால் தூசி படிந்து கிடந்தன. கருவிக்கு வந்த பணம், அதை நடத்தும் ஆளுக்கு வரவில்லை. இந்தப் பகுதி நமக்கும் நன்றாகத் தெரிந்த கதை.

பயிற்சி ஆசிரியர்: படித்ததில் 10%, கேட்டதில் 20%, பார்த்ததில் 30%, செய்ததில் 90% நினைவில் நிற்கும் என்று எட்கர் டேல் சொன்னாரே, அந்த ஆய்வு எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. அப்படி ஓர் ஆய்வை டேல் செய்யவே இல்லை.

டேல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். நாம் பேசும் இந்தச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். 1946ல் வெளியிட்ட பாடநூலில் அனுபவக் கூம்பை வரைந்தார். அடியில் நேரடி அனுபவம், உச்சியில் சொற்குறிகள். அதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. எதிலிருந்து எது அதிகம் நினைவில் நிற்கும் என்பது அவர் கேள்வியே அல்ல. எது எவ்வளவு அருவமானது என்பதைக் காட்டத்தான் படம். அதையும் அப்படியே விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

சதவீதங்கள் வேறு வழியில் வந்தவை. 1967ல் ஓர் ஒலி-ஒளி இதழில் மொபில் எண்ணெய் நிறுவன ஊழியர் ஒருவர் ஆதாரம் காட்டாமல் எழுதிய கட்டுரையில் அவை இருக்கின்றன. பிறகு யாரோ எண்களைக் கூம்பின்மேல் ஒட்டிவிட்டார்கள். எண்களைப் பாருங்கள், எல்லாம் பத்துப் பத்தாக! பிள்ளைகளை வைத்து அளந்த எந்தத் தரவும் இவ்வளவு வழவழப்பாக வராது. 2014ல் நான்கு ஆய்வாளர்கள் இந்தக் கதையின் வேர் வரை தேடிப்போய் விரிவாக எழுதினார்கள். இருந்தும் நம் பயிற்சிக் கூட்டங்களில் அந்த ஸ்லைடு வந்துகொண்டேதான் இருக்கிறது. கேள்வித்தாளில் கேட்டால் மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு வாருங்கள், வகுப்பில் சொல்லாதீர்கள்.

பள்ளி நூலகர்: எங்களுக்கும் ஸ்மார்ட் போர்டு பொறுப்பாளருக்கும் ஒத்தே போகவில்லை. அங்கேயும் இப்படித்தானா?

அங்கேயும்தான். நூலகர் புத்தகத்துக்கு, ஒலி-ஒளிக்காரர் கருவிக்கு என்று பட்ஜெட்டில் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் பள்ளி நூலகர் சங்கமும் டாவியும் உட்கார்ந்து பேசி, 1969ல் இருவருக்கும் பொதுவான தரவிதிகளை வெளியிட்டன: புத்தகமும் படமும் ஒரே மையத்தில், ஒரே பொறுப்பில். 1975ல் இரண்டாவது முறையும் சேர்ந்தே வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் ஏ.இ.சி.டி. செய்த மிக உபயோகமான வேலை இதுதான். கருவியை விளம்பரப்படுத்த ஆயிரம் பேர் இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பதவி வேண்டும், அதற்குத் தகுதி இன்னது என்று எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

தமிழாசிரியர்: டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வகுப்பில் போடலாமா?

அமெரிக்காவில் 1981ல் ஒரு வழிகாட்டு விதி வந்தது. பள்ளி பதிவு செய்யலாம், முதல் 10 பள்ளி நாட்களுக்குள் வகுப்பில் காட்டலாம், 45 நாள் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பிரிட்டனில் 1988 சட்டத்துக்குப் பிறகு கட்டணம் கட்டி உரிமம் வாங்கிப் பதிவு செய்யும் முறை. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி பள்ளியில் படம் காட்டுவதை அனுமதிக்கிறது. திருட்டுப் பிரதி எடுப்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

ஆய்வு மாணவர்: இந்தியாவில் ஏன் இப்படி வலுவான சங்கம் வளரவில்லை?

இங்கே வேலையை முதலில் எடுத்துக்கொண்டது அரசு. 1959ல் டெல்லியில் தேசிய ஒலி-ஒளிக் கல்வி நிறுவனம். அது பிறகு என்.சி.இ.ஆர்.டி.க்குள் போனது. 1975-76ல் சைட் செயற்கைக்கோள் திட்டம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டி.வி. கொண்டுபோனது, தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1984ல் சி.ஐ.இ.டி. என்ற மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று யு.ஜி.சி.யின் "நாடளாவிய வகுப்பறை" என்ற கல்வி நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழக மையங்களும் பின்னர் அதற்கு நிகழ்ச்சி தயாரித்தன. எல்லாம் மேலிருந்து இறங்கியதால், கீழே அந்த வேலையைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப்போக வேண்டிய அவசியம் குறைவு. சங்கங்கள் இருந்தன, ஆனால் அவை பெரும்பாலும் கருத்தரங்கு நடத்தும் சங்கங்களாகவே நின்றன என்பது நான் பார்த்தது.

அதே ஆய்வு மாணவர்: ஏ.இ.சி.டி.யின் பழைய இதழ்களைப் பார்க்க முடியுமா?

முடியும். 1953ல் தொடங்கிய ஆய்விதழ் பெயர் மாறி இன்றும் வருகிறது. பழைய தொகுதிகள் ஜேஸ்டோர் என்ற இணைய ஆய்விதழ்த் தொகுப்பில் இருக்கின்றன. பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். 1963ல் இந்தத் துறைக்கு வரையறை எழுதிய சிறப்பு மலரை முதலில் எடுங்கள். பிறகு கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983ல் வேறொரு இதழில் எழுதியதை, ஊடகம் வெறும் சரக்கு வண்டி, கற்பிப்பது கற்பித்தல் முறைதான் என்று வாதிட்ட கட்டுரையை. அதற்கு இன்னொரு ஆய்வாளர் ராபர்ட் கோஸ்மா 1991லும் 1994லும் எழுதிய மறுப்பையும் விடாதீர்கள்.