ஒட்டுத் தென்னையின் நெற்றை விதைக்குப் போடலாமா?

அன்புள்ள ஐயா,

கஜா புயலில் எங்கள் தோட்டத்து மரங்களில் பாதி போய்விட்டன. தப்பியதில் ஒரு நெட்டை-குட்டை ஒட்டு (கலப்பின) மரம் நன்றாகக் காய்க்கிறது. அதன் நெற்றுகளை முளைக்கப்போட்டுக் கொல்லையில் நடலாமா? கிணற்றடியில் செவ்விளநீர்க் குட்டை ஒன்றும் நிற்கிறது. அதைச் சுற்றி நாட்டு நெட்டை மரங்கள்தான்.

வாசகர், பேராவூரணி

அன்புள்ள நண்பருக்கு,

ஒட்டு மரத்து நெற்றை விதைக்குப் போடாதீர்கள். முளைக்கும், வளரும், காய்க்கவும் செய்யும்; தாயைப் போல இருக்காது என்பதுதான் சிக்கல். முதல் தலைமுறை ஒட்டில் நெட்டையும் குட்டையும் சரிபாதி. அதன் விதையில் அந்தப் பண்புகள் கன்றுக்கொரு விதமாகப் பிரிந்துவிடும். ஒன்று நாலாம் வருடமே பாளை தள்ளும், இன்னொன்று ஏழு வருடம் காத்திருக்க வைக்கும். எது எப்படிப்பட்டது என்பது காய்க்கும்போதுதான் தெரியும். தென்னையில் வீட்டில் பதியன் போடவும் வழியில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் நெட்டையையும் குட்டையையும் புதிதாகச் சேர்த்தாக வேண்டும். தென்னை ஆராய்ச்சியாளர் ஜே.எஸ். படேல் இன்றைய கேரளத்து நீலேஸ்வரத்தில் செய்து 1937இல் வெளியிட்ட கலப்பும் அதுதான். உங்கள் பக்கத்து வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.எச்.சி. என்ற ஒட்டு ரகங்களும் அப்படி வந்தவைதான்.

உங்களிடம் இருக்கும் நல்ல வாய்ப்பு கிணற்றடிச் செவ்விளநீர். அதன் நெற்றிலிருந்து ஒட்டுக் கன்றை நீங்களே எடுக்கலாம்.

குட்டை மரத்தில் ஒரே பாளையின் ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பக்குவமாவதால் தன் மகரந்தமே தன்னில் சேர்ந்துவிடும். அதைத் தடுக்க, பாளை வெடித்த அன்றே கதிர்களில் பெண் பூவுக்கு மேலே உள்ள பகுதியை நறுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஆண் பூக்களையும் கையால் கிள்ளி எடுங்கள். அடுத்த பாளைக்கும் இதையே செய்யுங்கள். விட்டால் மேல் பாளையின் மகரந்தம் கீழே கொட்டும். சுற்றிலும் நெட்டை மட்டுமே இருந்தால் மீதியைக் காற்றும் தேனீயும் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஒட்டு மரம் அருகிலேயே நின்றால் அதன் மகரந்தமும் வரும். அப்படியானால் நறுக்கிய பாளைக்கு நெருக்கமான நெசவுத் துணிப்பை கட்டுங்கள். நன்றாகக் காய்க்கும் நெட்டை ஒன்றின் முதிர்ந்த ஆண் பூக்களை நிழலில் உலர்த்தி மகரந்தம் எடுத்து வையுங்கள். பெண் பூவின் நுனி மூன்றாகப் பிளந்து தேன் மினுங்கும் நாட்களில் தினமும் காலையில் தூவுங்கள். எல்லாப் பூவும் ஒரே நாளில் பக்குவமாகாது.

நெற்று 11-12 மாதத்தில் முற்றும். குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கயிறு கட்டி இறக்குங்கள். மேலிருந்து போட்டால் உள்ளே விரிசல் விடும். நெட்டை நெற்றை இரண்டு மாதம் மணலில் வைத்திருந்து போடுவார்கள். குட்டைக்கு அது ஆகாது, உரிமட்டை மெலிது, தண்ணீர் வற்றி முளை செத்துவிடும். 10-15 நாளுக்குள் போட்டுவிடுங்கள். வடிகாலுள்ள மணற்பாங்கான இடத்தில் ஓரடி இடைவெளியில் வைத்து, நெற்றின் தலை மட்டும் தெரியும்படி மணல் மூடி, ஈரம் காயாமல் நிழலில் வளர்க்க வேண்டும். இரண்டு மாத வாக்கில் முளைக்கத் தொடங்கும். ஐந்து மாதம் கழித்தும் முளைக்காததை எடுத்தெறியுங்கள். நேரம் கழித்து முளைப்பது வீரியமில்லாத கன்று.

இனி முக்கியமான வேலை நிறம் பார்ப்பது. இலைக்காம்பு செவ்விளநீரின் ஆரஞ்சு நிறத்திலேயே இருந்தால் அது தூய குட்டை. பழுப்பாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ இருந்தால் வெளி மகரந்தத்தில் உண்டானது. நீங்கள் தேடுவது அதைத்தான். பச்சைக் குட்டை மரம் பக்கத்தில் இருந்தால் இந்த அடையாளத்தை நம்ப முடியாது. நெற்றைப் பார்த்து ஒட்டு என்று சொல்லி விற்பவரையும் நம்பாதீர்கள். உரிமட்டையும் கொட்டாங்குச்சியும் தாய் மரத்தின் உடம்பு. தகப்பன் யாரென்பது உள்ளே பருப்பிலும் முளையிலும் மட்டும்தான் இருக்கிறது.

பழுப்பு நிறக் கன்றுகளிலும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் கழுத்தின் (தண்டின் அடிப்பகுதி) சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறு இலையோடு, ஓலை சீக்கிரம் பிரிந்ததாக உள்ளதை எடுங்கள். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்; நிழல் அதிகமானாலும் கன்று நெடுநெடுவென்று போகும். மண்வெட்டியால் வேரோடு பெயர்த்தெடுங்கள், ஓலையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

மூன்றடிக் குழியில் இரண்டடிவரை செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி நடுவில் நடுங்கள். மரத்துக்கு மரம் 25 அடி. மழையில் சரியும் மண் கழுத்தை மூடினால் அழுகும், அவ்வப்போது விலக்கிவிடுங்கள். முதல் கோடைக்கு கீற்று நிழலும் விடாத தண்ணீரும் கட்டாயம்.

கன்றைக் கொல்வது பெரும்பாலும் காண்டாமிருக வண்டு. விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தால் குருத்தில் அது புகுந்திருக்கிறது. மட்டை இடுக்குகளில் மூன்று நாப்தலீன் உருண்டைகளை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கொரு முறை மாற்றுங்கள். எருக்குழியைக் கன்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வண்டின் புழு அங்கேதான் வளர்கிறது.

அன்புடன்.