நடுவானில் பெட்ரோல் தீர்ந்தால்: கேள்வி பதில்

நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பயிற்சி கொடுக்கிறேன். சிறு விமானங்களில் எரிபொருள் தீர்ந்து நடக்கும் விபத்துகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

கேள்வி: தீரும்வரை ஒருவர் கவனிக்காமலா இருப்பார்? கற்றுக்குட்டிகள்தானே இப்படி மாட்டுவது?

பதில்: இல்லை. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2017-ல் விட்ட எச்சரிக்கையின்படி, 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட எரிபொருள் விபத்துகள். மாட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தொழில்முறை உரிமம் வைத்திருந்தவர்கள். மாணவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

தவறு பெரும்பாலும் தரையிலேயே நடந்துவிடுகிறது. 172எஸ் ரகத்தில் இரண்டு டேங்கும் நிறைந்தால் பயன்படுவது சுமார் 200 லிட்டர். மணிக்கு 35 லிட்டர் குடித்தால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஆனால் பெரியவர்கள் நாலு பேர் ஏறினால் எடை தாண்டிவிடும், டேங்கை நிரப்ப முடியாது. அதனால் பாதி, முக்கால் என்று ஊற்றுகிறோம். முந்தின நாள் ஓட்டியவர் "பாதிக்கு மேல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். வினை அந்தப் 'பாதி'யில்தான்.

ஏணி போட்டு ஏறி, இறக்கை மேலுள்ள மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை நேராக விட்டு எடுங்கள். பெட்ரோலின் நீல ஈரம் எந்தக் கோடுவரை என்று உடனே பாருங்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். விமானம் சரிவில் நின்றால் அந்த அளவும் சரியாக இருக்காது.

கேள்வி: மீட்டர் கால் டேங்க் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: கூடக் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் கணக்கைவிடக் குறைவாகக் காட்டினால் நம்பி இறங்குங்கள்.

கேள்வி: பாடகர் ஜான் டென்வரும் 1997-ல் பெட்ரோல் தீர்ந்துதானே இறந்தார்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய லாங்-ஈஸி, தனிநபர் தாமே கட்டிக்கொள்ளும் ரக விமானம். எந்த டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்று மாற்றும் கைப்பிடியை, அந்த விமானத்தைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் குறி எதுவும் இல்லை. டென்வர் திரும்பி அதைத் திருப்ப முயன்றபோது, தெரியாமல் வலது ரடரை (விமானத்தின் மூக்கைத் திருப்பும் வால் பலகையின் மிதியை) மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது வாரியத்தின் முடிவு.

கேள்வி (அதே வாசகர்): விழுந்தது விழுந்ததுதானே, பெட்ரோல் தீர்ந்ததா இல்லையா என்று பிரித்து என்ன லாபம்?

பதில்: லாபம் உண்டு. மொத்தமும் தீர்ந்தால் தவறு தரையில் போட்ட கணக்கில். ஒரு டேங்கில் பெட்ரோல் இருந்தும் அது இன்ஜினுக்குப் போகாவிட்டால், கோளாறு குழாயில் அல்லது ஓட்டுபவரின் கையில். அதனால்தான் என் மாணவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் விமானத்தின் டேங்க் மாற்றும் கைப்பிடியைத் தொடச் சொல்கிறேன்.

கேள்வி (மீண்டும் அவரே): அப்படியானால் பழி விமானத்தைக் கட்டியவர் மேல்தான், டென்வர் மேல் இல்லை.

பதில்: அதையும் ஏற்க மாட்டேன். கைப்பிடி எட்டாது என்பது கிளம்பும் முன்பே அவருக்குத் தெரியும், மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறார். பெட்ரோல் போடாமல் கிளம்பியதையும் வாரியம் காரணமாகவே எழுதியிருக்கிறது. போட்டிருந்தால் அந்தச் சிறு பறப்பில் கைப்பிடியைத் தொடவே வேண்டியிருக்காது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: மீட்டர் புதிதாக மாற்றியது. இப்போது நம்பலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். குச்சி விடுங்கள்.

கேள்வி: என் காரில் ரிசர்வ் எத்தனை கிலோமீட்டர் வரும்?

பதில்: கார் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: கையிருப்பு எவ்வளவு வேண்டும்?

பதில்: தரையைப் பார்த்து ஓட்டும் பறப்புக்கு அமெரிக்கச் சட்டம் கேட்பது பகலில் 30 நிமிடம், இரவில் 45. நான் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மிச்சம் வைத்துத்தான் இறங்குவேன். எதிர்காற்று கூடினால் வழியிலேயே இறங்கி ஊற்றிக்கொள்வேன்.

கேள்வி: மீட்டர் இரண்டும் ஒரே அளவு காட்டினால்?

பதில்: குச்சி.