உப்பு படியும், வட்டி ஏறும்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். முதிர்வின்போது மொத்தமாகப் பணம் தரும் வைப்புத்தொகை ஒன்று வங்கியில் போட்டிருக்கிறேன். இந்த ஆண்டு அறிக்கையில் ‘அக்ரூட் இன்ட்ரஸ்ட்’ என்று ஒரு தொகையைக் காட்டி, அதற்கு வரியும் பிடித்துவிட்டார்கள். கைக்கு ஒரு பைசா வரவில்லை. அகராதியைப் புரட்டினால் ‘அக்ரூ’வுக்கும் சேர்தல், ‘அக்யுமுலேட்’டுக்கும் சேர்தல். இரண்டும் ஒன்றுதானா? அலமாரியில் தூசி ‘அக்ரூ’ ஆகியிருக்கிறது என்று அலுவலகக் குறிப்பில் எழுதினேன், மேலாளர் சிரித்துவிட்டார். கணக்கு ஏட்டில் இதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

மேலாளர் சிரித்ததில் தவறில்லை. ஏன் சிரித்தார் என்று சொல்லியிருக்கலாம். தூசி யாருக்கும் சேர வேண்டிய பொருள் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் அகராதியும் பொய் சொல்லவில்லை. தமிழில் ‘சேர்’ என்ற ஒரே வினை இரண்டு வேலையையும் பார்க்கிறது. ‘வாசலில் குப்பை சேர்ந்துவிட்டது’ என்கிறோம். ‘தாத்தா சொத்தில் அவளுக்குச் சேர வேண்டிய பங்கு’ என்றும் சொல்கிறோம். இரண்டாவதில் ‘அவளுக்கு’ என்று ஓர் ஆள் வந்துவிட்டாள். ‘அக்ரூ’வுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ‘டு’வும் அந்த ஆளைக் காட்டத்தான். எதிலிருந்து விளைந்தது என்று சொல்ல ‘ஃப்ரம்’ போடுவார்கள். ‘அக்யுமுலேட்’ லத்தீனில் குவியலைக் குறிக்கும் ‘குமுலஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘அக்ரூ’வின் வேரோ வளர்தல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பிறையைக் குறிக்கும் ‘கிரெசன்ட்’ அதற்கு உறவு. கப்பலில் வேலை செய்யும் ‘க்ரூ’வும் உறவுதான்: முதலில் அது படைக்குக் கூடுதலாக வந்து சேர்ந்த ஆட்களைக் குறித்த சொல்.

நம் பக்கத்தில் ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். ஒரு லட்சம் வாங்கியவருக்கு மாதம் 2,000. அவர் தூங்கினாலும் விழித்திருந்தாலும் நாளுக்கு ஏறக்குறைய 66 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். விலை வரட்டும் என்று ஈரோட்டுக் குடோனில் மஞ்சளை அடுக்கிவைத்து, அதன்மேல் கடனும் வாங்கியவருக்கு இந்த இலக்கணத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். மூட்டைமேல் தூசி அக்யுமுலேட் ஆகிறது. வாடகையும் வட்டியும் அக்ரூ ஆகின்றன. வரவு மட்டும்தான் இப்படி வளரும் என்று நினைத்துவிடாதீர்கள், கொடுக்க வேண்டியதும் வளரும்.

இனி உங்கள் வங்கி அறிக்கை. சேமிப்புக் கணக்கை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். முன்பெல்லாம் மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள்வரை கணக்கிலிருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. ஐந்தாம் தேதி போட்டு இருபதாம் தேதி எடுத்தவருக்கு அந்தப் பணத்தின்மேல் ஒன்றும் கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி இதை மாற்றியது. அன்றாட இருப்புக்கு அன்றன்றே வட்டி கணக்கிடப்படுகிறது. ஆனால் கணக்கில் வரவு வைப்பது பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறைதான். வட்டி உங்களுடையதாகும் நாள் வேறு, பணமாகக் கைக்கு வரும் நாள் வேறு. அந்த இடைவெளியில் இருப்பதுதான் ‘அக்ரூட் இன்ட்ரஸ்ட்’. வரித்துறையும் கைக்கு வரும்வரை காத்திருக்காது. வருமான வரிச் சட்டம் 1961இலேயே, தன் 5ஆம் பிரிவில், கைக்கு வந்த வருமானத்தோடு ‘அக்ரூ’ ஆன வருமானத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பிடித்த வரி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று வரித்துறையின் ஆண்டு வரி அறிக்கையில் பார்த்துவிட்டு, வட்டியை அந்தந்த ஆண்டிலேயே கணக்கில் காட்டுங்கள். முதிர்வு ஆண்டில் மொத்தமாகக் காட்டலாம் என்று தள்ளிப்போட்டால், பிடித்த வரி ஓர் ஆண்டிலும் வருமானம் வேறோர் ஆண்டிலுமாக நின்று உங்களை அலைக்கழிக்கும்.

திருப்பூரில் இருக்கிறீர்கள், ஒரத்துப்பாளையம் தெரிந்திருக்கும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் முடித்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. அடியில் உப்பும் சாயச் சகதியும் படிந்தன. சுற்றிலும் கிணற்று நீர் கரித்தது; மாடுகூட வாய் வைக்காத தண்ணீரை வயலுக்கு எப்படிப் பாய்ச்சுவது? அங்கே படிந்ததெல்லாம் அக்யுமுலேட். அது யாருக்கும் சேர வேண்டியதாக இருக்கவில்லை, சாயப்பட்டறைக்காரர்களும் உரிமை கொண்டாட வரவில்லை. ஆனால் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். மாசுபடுத்தியவரே இழப்புக்கும் சீரமைப்புக்கும் பணம் கட்ட வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த விவசாயிகளின் உரிமை எப்போது ‘அக்ரூ’ ஆனது? தீர்ப்பு வந்த அன்றா? கிணறு கெட்டபோதே ஆகிவிட்டது. அணைக்கடியில் உப்பு ஏற ஏற, கரையிலிருந்தவர்களுக்கு வர வேண்டிய இழப்பீடும் ஏறியது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. பெருமைப்பட ஒன்றுமில்லைதான்.

விடுப்பு நாட்களுக்கும் பணிக்கொடைக்கும் இதே சொல்தான். ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பணிக்கொடை, மில் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் அக்ரூ ஆகிறது. கைக்கு வருவது வேலையை விடும்போது.

கடைசியாக, தமிழில் என்ன எழுதுவது? நம் மேல்நிலைப் பாடநூலில் ‘கூடியுள்ள வருமானம்’ என்று இருக்கிறது. இலங்கையில் ‘அட்டுறு’ என்று எழுதுகிறார்கள். அதன் கட்டு எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே அதை எழுதினால் நீங்களே பக்கத்தில் நின்று பொருள் சொல்ல வேண்டியிருக்கும். ‘கூடியுள்ள வட்டி’ என்றே எழுதுங்கள். தணிக்கையாளரும் அந்தப் பாடநூலைப் படித்து வந்தவராகத்தான் இருப்பார்.